கோப்பியின் பிசுபிசுப்பு

நாறுகிறதா, குளிப்பாட்டு. நாய் வளர்க்கிறவனுக்கு ஊரார் தரும் ஆலோசனை அவ்வளவுதான். மின்தூக்கியில் சொல்வார்கள், கோப்பிக்கடையில் சொல்வார்கள், தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டே சொல்வார்கள். எங்கள் நாய் கோப்பியைக் குளிப்பாட்டாத வாரம் கிடையாது. ஆனாலும் குளித்த மறுநாளோ அதற்கு மறுநாளோ முதுகு பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். காதுக்குள்ளிருந்து புளித்த வாடை வரும். பின்னங்காலால் கழுத்தைப் பிராண்ட ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டாள். தடவிய கையில் ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும், வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது.

இது அழுக்கு என்று நினைக்கிறவரை இந்தப் பிரச்சினைக்கு முடிவே இல்லை. எண்ணெய் வெளியிலிருந்து வந்து ஒட்டவில்லை, தோல் உள்ளேயிருந்து அனுப்புகிறது. ஏன் அனுப்புகிறது என்பதுதான் கேள்வி. ஷாம்பு பாட்டிலின் முதுகில் அதற்குப் பதில் இல்லை.

கோப்பி ஷிட்சூ இனம். முதுகு கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத காப்பியின் நிறம், வயிறு பால் நிறம். பெயர் வைத்தது மகள். சிங்கப்பூரின் அங் மோ கியோவில் நாலறை வீடு. நான், மனைவி, மகள், அம்மா, அப்புறம் இவள். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் பொதுவாக அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலைத் தோல் நோயை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் வயிற்றைக் கலக்கும். ஷிட்சூ, மால்டீஸ், பூடில், டாக்ஸ்ஹண்ட், வெஸ்ட் ஹைலண்ட் டெரியர் என்று தோலில் ஈஸ்ட் என்னும் நுண்பூஞ்சை எளிதாகப் பெருகும் இனங்கள் வரிசையாக இருக்கின்றன. எண்ணெய்த் தோலுக்கே பேர்போன காக்கர் ஸ்பேனியலும் பாசெட் ஹவுண்டும் அதில் இல்லை. அந்த மட்டில் தப்பித்தோம் என்று வீவகவாசிகள் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

தோலில் எண்ணெய் சுரப்பது நாய்க்கு இயல்புதான். மயிர்க்கால்களை ஒட்டிய சுரப்பிகள் அதைச் செய்கின்றன. மயிர் பளபளப்பாக இருப்பதும், மழைத்துளி உடனே உள்ளே இறங்காமல் இருப்பதும் அதனால்தான். மேல்தோலின் அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே வந்து உதிர, நலமான நாயில் ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். பிறவியிலேயே எண்ணெய்த் தோல் கொண்ட காக்கர் ஸ்பேனியல்களில் இதே பயணம் ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது. அவ்வளவு அவசரமாக வரும் செல்கள் சரியாக முதிராமல், எண்ணெயோடு குழைந்து, மஞ்சள் நிறச் செதில்களாக மயிரின் அடியில் ஒட்டிக்கொள்ளும். நம் தலையில் வரும் பொடுகு உதறினால் விழும். இது விழாது.

பிறவியிலேயே இப்படி இருக்கும் நாய்கள் குறைவு. பெரும்பாலான எண்ணெய் நாய்களுக்கு அடியில் வேறு ஏதோ நோய் இருக்கிறது. தெள்ளுப்பூச்சிக் கடி, உணவு ஒவ்வாமை, தூசி ஒவ்வாமை, டெமோடெக்ஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி, தைராய்டு குறைவு, கார்ட்டிசால் ஹார்மோன் மிகையாகும் குஷிங் நோய் என்று அந்த வரிசை நீளம். இவற்றில் எது வந்தாலும் தோலின் காவல் தளர்கிறது. மலசீசியா என்ற ஈஸ்ட் பெரும்பாலான நாய்களின் தோலில் கொஞ்சமாகக் குடியிருக்கும், தொந்தரவு செய்யாது. காவல் தளர்ந்து எண்ணெய் கூடினால் அதற்கு விருந்துதான். பெருகுகிறது, அதனால் அரிக்கிறது, அரிப்பதால் நாய் சொறிகிறது, சொறிந்த இடம் புண்ணாகி இன்னும் எண்ணெய் விடுகிறது. ஸ்டஃபிலோகாக்கஸ் வகைப் பாக்டீரியாவும் இந்த விருந்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டால் சிவந்த கொப்புளங்களும் வட்ட வட்டமாகத் தோல் உரிவதும் சேர்ந்துவிடும்.

இதெல்லாம் எந்த ஊரிலும் நடப்பதுதான். சிங்கப்பூர் அதற்குக் கொஞ்சம் கை கொடுக்கிறது. இங்கே விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். நடுப்பகலில் வெயில் கொளுத்தும்போதுகூட 60 சதவீதம் அளவில்தான் இறங்கி நிற்கும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் துவைத்த துணியே காய்வதில்லை, அடர்த்தியான இரட்டை மயிர் போர்த்திய ஒரு ஷிட்சூவின் அக்குள் எப்படிக் காயும்? குளிர் நாடுகளுக்காக எழுதிய நாய்ப் புத்தகங்களில் உலர்த்துவதைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். இங்கே வேலையில் பாதி அதுதான்.

மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது அரிப்பைப் பற்றி. எண்ணெய் முதலில் வந்ததா, அரிப்பு முதலில் வந்ததா? இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நடுத்தர வயதைத் தாண்டிய நாய், எண்ணெய் வடிகிறது, மயிர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உதிர்கிறது, எடை கூடுகிறது, ஆனால் அரிப்பு இல்லை என்றால் நினைவு தைராய்டு பக்கம் போக வேண்டும். தண்ணீர் மடமடவென்று குடித்து வயிறு தொங்கினால் குஷிங் பக்கம். அரிப்பு முதலில் வந்து பின்னாலேயே எண்ணெய் வந்தால் பெரும்பாலும் ஒவ்வாமை. தூசி, மகரந்தம் போன்றவற்றால் வரும் ஒவ்வாமை வழக்கமாக ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும். கோப்பிக்கு இரண்டு வயது முடிவதற்குள் பாதத்தை நக்குகிற பழக்கம் வந்திருந்தது. பாலின் நிறத்தில் இருந்த பாதங்கள் எச்சில் பட்டுப் பட்டுத் துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருந்தன.

சோதனை அவ்வளவு எளிமையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவைச் சிறு துண்டாகக் கத்தரித்து, கழுத்து மடிப்பில் அழுத்தி எடுத்தார். சாயத்தில் தோய்த்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில், இடை சிறுத்து, வேர்க்கடலை வடிவத்தில் கூட்டம் கூட்டமாக ஈஸ்ட். பாதத்திலும் அதே. காதில் இன்னும் அதிகம். அப்புறம் தோலை லேசாகச் சுரண்டி எடுத்து டெமோடெக்ஸ் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. தெள்ளுப்பூச்சியின் எச்சம் தேடி மயிரைச் சீவினார், அதுவும் இல்லை. என்றாலும் தெள்ளு, உண்ணி இரண்டுக்குமான மாத்திரையை மாதம் தவறாமல் கொடுக்கச் சொல்லிவிட்டார். இங்கே குளிர்காலம் என்று ஒன்று கிடையாது, உண்ணிக்கு விடுமுறையும் கிடையாது. புல்லில் உருளும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் உயிருக்கே ஆபத்து என்பதால் தோல் நோய் இல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

இந்த ஒட்டுநாடாச் சோதனை இல்லாமல் மருந்து எழுதிக் கொடுக்கும் இடத்தில் நான் கொஞ்சம் யோசிப்பேன். பார்வைக்கு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஒன்றுபோலத்தான் இருக்கும், வாடையும் ஏறக்குறைய அதேதான். ஒன்றுக்கான மருந்து மற்றதற்குக் கேட்காது. தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டே போனால், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை நாமே வளர்த்து விட்டதாகிவிடும். அதனால்தான் இப்போதெல்லாம் தோல் மேலோட்டமாகப் பாதிக்கப்பட்டிருந்தால் வாய்வழி மருந்துக்கு முன்னால் மருந்து ஷாம்புவையே தோல் மருத்துவர்கள் முதலில் சொல்கிறார்கள்.

கோப்பிக்குக் கிடைத்தது 2 சதவீதம் குளோர்ஹெக்சிடினும் 2 சதவீதம் மைக்கோனசோலும் சேர்ந்த ஷாம்பு. முதலாவது பாக்டீரியாவுக்கு, இரண்டாவது ஈஸ்ட்டுக்கு. முதல் மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு குளியல், பிறகு நிலையைப் பார்த்துக் குறைக்கலாம். எண்ணெய் மிகவும் கட்டியாக இருந்தால் அதற்கு முன்னால் பென்சாயில் பெராக்சைடோ, சாலிசிலிக் அமிலமும் கந்தகமும் கலந்ததோ ஒரு கை போடுவது உண்டு. பென்சாயில் பெராக்சைடு எண்ணெயை நன்றாக வெட்டும், மயிர்க்கால்களுக்குள்ளேயும் போகும். ஆனால் தோலை வறட்டிவிடும், துண்டின் சாயத்தையும் வெளுத்துவிடும். மனைவியின் மெரூன் நிறத் துண்டு இப்போது புள்ளி மானாக மாறி நாய்க்கென்றே ஒதுக்கப்பட்டுவிட்டது.

ஷாம்புவின் விலையைவிட முக்கியமானது அது தோலில் நிற்கும் நேரம். பத்து நிமிடம். நுரை வந்ததும் அலசிவிட்டால் குழாய்த் தண்ணீரில் பணத்தைக் கரைத்ததுதான் மிச்சம். சோப்புப் போட்ட நாயோடு வீவகக் குளியலறையில் பத்து நிமிடம் நின்றவர்களுக்குத்தான் அது எவ்வளவு நீளமான நேரம் என்று தெரியும். உதறும், வழுக்கும், கதவைப் பிராண்டும், பரிதாபமாக முகத்தை வைத்துக்கொள்ளும். நான் வானொலியில் ஒலி 96.8 போட்டுவிடுவேன். இரண்டு பாட்டும் நடுவில் அறிவிப்பாளரின் பேச்சும் ஓடி முடிந்தால் கணக்கு சரியாக வரும். அந்த நேரத்தில் கை சும்மா இருக்காது. முதுகில் எல்லாரும் தேய்ப்பார்கள். ஈஸ்ட் இருப்பதோ மடிப்புகளில். அக்குள், தொடை இடுக்கு, தாடையின் கீழ், உதட்டு மடிப்பு, வாலடி, விரல்களுக்கு நடுவே. அங்கெல்லாம் விரல் நுனியால் மெதுவாக ஊட்ட வேண்டும். நகம் படக்கூடாது, புண்பட்ட தோல் அது. கண்ணில் படவே கூடாது, குளோர்ஹெக்சிடின் கருவிழியைக் கெடுத்துவிடும். முகத்துக்கு ஷாம்புவைத் தண்ணீரில் கலந்து ஈரத்துணியால் துடைத்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

குளிக்கும் முன் செய்யும் வேலை ஒன்று உண்டு. மயிரைக் கட்டையாக வெட்டிவிடுவது. தரையில் புரளும் நீள மயிரோடு ஷிட்சூ அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணெய்த் தோல் நாய்க்கு அந்த மயிர் ஒரு போர்வை. மருந்து உள்ளே போகாது, ஈரம் வெளியே வராது. குரூமிங் கடையில் போய் உடம்பு முழுக்க ஓர் அங்குலத்துக்கும் குறைவாக வெட்டச் சொன்னதும், இவ்வளவு அழகான மயிரையா என்று அந்தப் பெண் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். இன்னொரு கடையில் நாங்கள் கொடுத்துவிட்ட மருந்து ஷாம்புவை ஓரமாக வைத்துவிட்டு, தங்களுடைய லேவண்டர் வாசனை ஷாம்புவைப் போட்டு, காதில் இருந்த மயிரையும் கொத்தாகப் பிடுங்கி, கழுத்தில் ரிப்பன் கட்டி அனுப்பினார்கள். அன்று இரவு முழுக்க காதை உதறிக்கொண்டே இருந்தாள். அதிலிருந்து மயிர் வெட்டுவதற்கு மட்டும்தான் கடை, குளியல் எங்கள் வீட்டில்.

தண்ணீர் வெதுவெதுப்புக்கும் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். சூடான தண்ணீர் அரிப்பைக் கிளப்பும். அலசுவதற்குத் தேய்த்த அளவு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும், மிச்சம் நிற்கும் ஷாம்புவே அடுத்த அரிப்புக்குக் காரணமாகிவிடும். அப்புறம் உலர்த்துவது. மைக்ரோஃபைபர் துண்டால் அழுத்தி ஒற்றி எடுத்து, ஒன்று நனைந்ததும் அடுத்தது. தேய்த்தால் மயிர் சிக்கும், தோலும் சிவக்கும். பிறகு புளோவர், குளிர்ந்த காற்றில். விரல்களுக்கு நடுவே, காதின் மடலைத் தூக்கி அதன் உள்பக்கம், வயிற்றின் கீழே. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அக்குளில் விரல் விட்டுப் பார்த்தால் சில்லென்று ஈரம் நிற்கும். அந்த ஈரம் போகும்வரை நான் விடுவதில்லை. இதையெல்லாம் முடித்துவிட்டு நான் போய்க் குளிக்க வேண்டும்.

காது தனிக் கதை. ஷாம்பு அங்கே வேலைக்காகாது. மருத்துவர் கொடுத்த காது கழுவும் திரவத்தை ஊற்றி, காதின் அடியை வெளியிலிருந்து பிசைந்துவிட்டு, நாய் உதறியதும் வெளியே வரும் பழுப்பு அழுக்கைப் பஞ்சால் துடைக்க வேண்டும். பஞ்சு வைத்த குச்சியை உள்ளே விடக்கூடாது. நாயின் காதுக் குழாய் கீழே இறங்கி உள்ளே திரும்புகிறது. குச்சி அழுக்கை அந்தத் திருப்பத்துக்குள் தள்ளிவிடும்.

இதற்கிடையில் அம்மா ஒரு தனி வைத்தியசாலை நடத்திக்கொண்டிருந்தார்.

“தம்பி, அரிப்புக்குத் தேங்காய் எண்ணெயைவிட என்னடா மருந்து இருக்கு? உன்னை அதை வச்சுத்தானே வளர்த்தேன்.”

“அம்மா, அவ உடம்புல ஏற்கெனவே எண்ணெய்தாம்மா வடியுது.”

“அது கெட்ட எண்ணெய். இது நல்ல எண்ணெய்.”

இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, தோல் மருத்துவத்தில் இருக்கிறது. வறண்டு வெடித்த தோலுக்கு எண்ணெய் கொஞ்சம் இதம் தரலாம். கோப்பியின் தோல் வறண்டது இல்லை. கொழுப்பைத் தின்று வாழும் ஈஸ்ட் குடியிருக்கும் இடத்தில் மேலும் எண்ணெயைப் பூசுவதில் பயன் இல்லை. தவிர, நாய் அதை நக்கி விழுங்கிவிட்டு அடுத்த நாள் வயிற்றுப்போக்கோடு நிற்கும். மஞ்சளையும் அம்மா ஒரு நாள் குழைத்துப் பூசிப் பார்த்தார். தோலுக்கு என்ன ஆனதோ, சோபாவுக்கும் சுவருக்கும் ஆனது நன்றாகத் தெரிந்தது. வேப்பிலையைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு அலசுவதை மட்டும் நான் தடுக்கவில்லை. தேக்கா சந்தையிலிருந்து அம்மா வாங்கி வந்த அந்தக் கொத்தால் பெரிய தீங்கில்லை, மருந்துக்கு மாற்றாகவும் அது ஆகவில்லை, அம்மாவுக்கும் திருப்தி. ஷாம்பு பத்து நிமிடம் நின்று, நன்றாக அலசிய பிறகுதான் வேப்பிலைத் தண்ணீர் என்று ஓர் உடன்படிக்கை.

கண்டிப்பாக வேண்டாம் என்று நான் சொல்வது டீ ட்ரீ எண்ணெய். இயற்கை என்று சொல்லி விற்கிறார்கள், மனிதர்களுக்கான கடைகளில் சின்னச் சின்னக் குப்பிகளில் கிடைக்கிறது. கலப்படமற்ற அந்த எண்ணெய் கொஞ்சம் பட்டாலே நாய்க்கு விஷம். நடை தள்ளாடும், உடம்பு நடுங்கும். நம்முடைய ஷாம்புவும் சரிப்படாது. அமில-கார அளவுகோலில் (pH) மனிதத் தோல் 5.5 அளவில் சற்று அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் 7ஐ ஒட்டி இருக்கிறது, நம்முடையதைவிட மெல்லியதும்கூட. தினம் தினம் குளிப்பாட்டி எண்ணெயை முழுக்க உரித்தெடுத்தால், காவல் இழந்த தோல் மேலும் எரிச்சலடையும்.

ஈஸ்ட் அடங்கிய பிறகும் அரிப்பு மிச்சம் இருந்தது. அப்போதுதான் உணவைப் பற்றிய பேச்சு வந்தது. நாய்களில் உணவு ஒவ்வாமை என்றால் மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவையே அதிகம் மாட்டுகின்றன. தானியம் இல்லாத உணவு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பல நாய்களுக்குப் பிரச்சினை தானியத்தில் இல்லை, இறைச்சியில். ரத்தப் பரிசோதனையும் உமிழ்நீர்ப் பரிசோதனையும் இதற்கு நம்பத்தக்கவை இல்லை. ஒரே வழி விலக்கு உணவு. நாய் இதுவரை தின்றே இராத ஓர் இறைச்சி, அல்லது புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு. எட்டு வாரம் அது மட்டும்தான், வேறு எதுவும் வாயில் படக்கூடாது. அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திருப்பிக் கொடுத்துப் பார்க்காமல், குணமானது உணவாலா வேறு எதனாலா என்று சொல்லவே முடியாது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது கங்காரு இறைச்சி. இங்கே நாய் உணவுக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். அம்மா பொட்டலத்தில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, “பாவம்டா, வயித்துல பையோட குட்டியைத் தூக்கிட்டுப் போற ஜீவன்” என்று ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கூட்டுக் குடும்பத்தில் விலக்கு உணவு என்பது ஒரு போர். நாயை ஒழுங்குபடுத்துவது எளிது, மனிதர்களைத்தான் முடியாது. தோசை ஓரம், பிஸ்கட், முறுக்கின் உடைந்த துண்டு, தயிர் சாதத்தின் கடைசிக் கவளம் என்று கோப்பிக்கு ஒவ்வொருவரிடமும் ஒரு ரகசியக் கணக்கு இருந்தது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி நடைவழியில் பார்க்கும்போதெல்லாம் கோழிச் சோற்றுப் பொட்டலத்திலிருந்து ஒரு துண்டு போடுவார்; அவரிடம் விளக்கிச் சொல்லி, போட வேண்டுமென்றால் இதைப் போடுங்கள் என்று ஒரு டப்பாவில் கங்காரு இறைச்சித் துண்டுகளைக் கொடுத்து வைத்தோம். மாட்டிறைச்சிச் சுவை சேர்த்த இதயப்புழு மாத்திரை, கோழிச் சுவைப் பற்பசை இரண்டும்கூட இந்தக் கணக்கில் சேரும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஒவ்வாமை இருக்கிறதோ இல்லையோ, வெங்காயமும் பூண்டும் போட்ட சாம்பாரும், திராட்சை மிதக்கும் பாயசமும் எந்த நாய்க்கும் ஆகாது. அம்மா இதை மட்டும் முழுதாக நம்பிக்கொண்டார். பாயசக் கிண்ணத்தை இப்போது உயரத்தில் வைக்கிறார்.

எட்டு வாரம் முடிந்தது. அரிப்பில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. உணவு குற்றவாளி இல்லை. இவ்வளவு பாடுபட்டு இதுதானா என்று மகள் கேட்டாள். இதுவும் ஒரு விடைதான். இனி கோழியைக் கொடுக்கலாம், தூசியின் பக்கம் திரும்பலாம்.

சிங்கப்பூரில் வீட்டுத் தூசி என்றால் அதில் தூசிச் சிற்றுண்ணி உண்டு. ஈரமும் சூடும் அதற்கு வாய்த்த சொர்க்கம். மெத்தை, சோபா, தலையணை, நாயின் படுக்கை எல்லாம் அதன் குடியிருப்பு. முழுதாக ஒழிக்க முடியாது, குறைக்கலாம். கோப்பியின் படுக்கை உறையை வாரம் ஒரு முறை 60 டிகிரிச் சூட்டில் துவைத்து மூங்கில் கழியில் வெயிலில் போடுகிறோம். கம்பளத்தை எடுத்துவிட்டோம். மாலையில் பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்குப் போய் வந்தால் நான்கு பாதங்களையும் வயிற்றையும் ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடைப்பது வழக்கமாகிவிட்டது. மழை பெய்து புல் நனைந்திருக்கும் நாளில் சிமெண்டு நடைபாதையோடு சரி.

அப்படியும் அரிப்பு மிஞ்சும் நாள்களுக்கு மருந்து உண்டு. முன்பு பெரும்பாலும் ஸ்டீராய்டுதான் கதி. பிரெட்னிசலோன் கொடுத்தால் அரிப்பு ஒரே நாளில் அடங்கும், கூடவே தண்ணீர்த் தாகமும் அடங்காப் பசியும் அடிக்கடி சிறுநீரும் வரும். நீண்ட நாள் கொடுத்தால் தோலே மெலிந்துவிடும். 2013இல் அமெரிக்காவில் ஓக்ளாசிட்டினிப் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. ஆப்போகுவெல் என்ற பெயரில் இங்கும் மருத்துவர்கள் தருகிறார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட நாய்களுக்கும், கடுமையான தொற்று உள்ளவற்றுக்கும் அதைக் கொடுப்பதில்லை. இன்னொன்று சைட்டோபாயின்ட் ஊசி. அரிப்பைத் தூண்டும் இன்டர்லூகின் 31 என்ற ஒரே சமிக்ஞையைப் பிடித்து நிறுத்தும் எதிர்ப்பொருள் அது. நாயைப் பொறுத்து நாலு முதல் எட்டு வாரம் தாங்கும். கோப்பிக்கு ஊசிதான் ஒத்துப்போனது. விலை கொஞ்சம் உறைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஊசி போட்டுவிட்டோம் என்று குளியலை விட்டால் ஈஸ்ட் மறுபடி வந்து உட்காரும். இந்த மருந்துகள் அரிப்பைத்தான் அடக்குகின்றன, தோலின் மேலுள்ள கூட்டத்தை அல்ல. மீன் எண்ணெய் உணவில் சேர்கிறது. அதன் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதால் நான் அதைப் பின்னணியில் வைத்திருக்கிறேன்.

இப்போது வாரம் ஒரு குளியல் போதும். டிசம்பர் மழையில் இரண்டாகும். வாடை தொடங்கும் முன்பே காது சொல்லிவிடும். மடலின் உள்பக்கம் வெளிர் சிவப்பிலிருந்து அடர் சிவப்பாக மாறினால் அடுத்த சில நாளில் முதுகும் பிசுபிசுக்கும். அப்போதே ஒரு குளியலைக் கூட்டிவிட்டால் பெரும்பாலும் மருத்துவர் வரை போக வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒரே வெளிச்சத்தில் அக்குளையும் பாதத்தையும் படம் எடுத்து வைப்பது பெரிய உதவி. போன மாதத்தைவிட மோசமா, தேவலையா என்று நினைவை நம்பிச் சொன்னால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். வட்ட வட்டமாகப் புண் தோன்றினாலோ, தலையை ஒரு பக்கம் சாய்த்து நடந்தாலோ, சாப்பாட்டை மறுத்தாலோ காத்திருக்கக் கூடாது, உடனே போய்விட வேண்டும்.

அலுவலகத்து நண்பர் ஒருவர் ஷிட்சூ குட்டி வாங்கப்போகிறார். நல்ல தோல் உள்ளதாகப் பார்த்துச் சொல்லேன் என்றார். குட்டியில் தெரியாது என்றேன். எட்டு வாரக் குட்டி எல்லாமே பட்டுப்போலத்தான் இருக்கும், ஒவ்வாமை பிறகுதான் வரும். தாய் நாயின் காதை மோந்து பாருங்கள், பாதம் வெள்ளையாக இருக்கிறதா துருப்பிடித்த நிறமா என்று பாருங்கள், அவ்வளவுதான் செய்ய முடியும். தத்தெடுப்பதாக இருந்தால் நாய் கொஞ்சம் வளர்ந்திருப்பது இந்த விஷயத்தில் வசதி, தோல் எப்படிப்பட்டது என்று கண்ணால் பார்த்தே முடிவெடுக்கலாம். அப்புறம், நாய்க்குக் காப்புறுதி எடுக்கிற எண்ணம் இருந்தால் முதல் அரிப்புக்கு முன்பே எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னேன். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அவர்கள் பொதுவாகப் பணம் தருவதில்லை.